பறவையை எழுப்பாமல் எடுங்கள்

ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்றுக் கடற்கரைகளில் நீள லென்ஸோடு திரியும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எழுதுவது.

களியோடை முகத்துவாரத்தில் உள்ளான் கூட்டம் இரை பொறுக்குகிறது. உங்களில் ஒருவர் கெமராவை நீட்டிக்கொண்டு மணலில் குந்துகிறார். மற்றவர் கூட்டத்தை நோக்கி ஓடுகிறார், அல்லது மோட்டார் சைக்கிளை விடுகிறார். கூட்டம் எழும்பிச் சுழல்கிறது. கெமரா சடசடவென்று அடிக்கிறது. படம் சரிவரவில்லை என்றால் கூட்டம் இறங்கிய இடத்துக்குப் போய் இன்னொரு தடவை கிளப்புகிறீர்கள். இதை நிறுத்தச் சொல்லத்தான் இந்த மடல். யாருடைய பெயரையும் எழுதமாட்டேன். ஒருவரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் தப்பித்துக்கொள்வீர்கள்.

உங்கள் எரிச்சல் எனக்கு விளங்காமல் இல்லை. கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் காக்கா ஒருவர் மாதக்கணக்கில் மிச்சம்பிடித்து அனுப்பிய லென்ஸ் அது. 2022இல் ரூபாய் விழுந்த விழுகைக்குப் பிறகு அதன் விலையை வாப்பாவின் முன்னால் சொல்லவே கூச்சமாக இருக்கும். கடற்கரைக்குக் கொண்டுவந்தால் அது முன்னும் பின்னும் உறுமிக்கொண்டு அலைகிறது. பறவையை விட்டுவிட்டுப் பின்னாலுள்ள அலை நுரையைப் பிடிக்கிறது. பிடித்துவிட்டேன் என்று கெமராவின் பச்சைக் கட்டம் சாதிக்கிறது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் கண்ணும் இல்லை, இறகும் இல்லை, சாம்பல் நிறத்தில் மயங்கிய ஓர் உருவம்தான். கார்ட் நிறையப் படம் இருக்கும், ஒன்றும் தேறாது. அந்த இடத்தில் உங்கள் மனம் ஒரு முடிவுக்கு வருகிறது: இன்னும் கிட்டப் போகவேண்டும். அதற்கும் பறவை இருந்து கொடுக்கவில்லை என்றால், கிளப்பியாவது ஒரு பறக்கும் படம் எடுக்கவேண்டும்.

கிட்டப் போவது என்ற முடிவையே முதலில் கேள்வி கேட்க விரும்புகிறேன். பறவையின் நியாயம் பிறகு வரட்டும். உங்கள் படத்தின் நியாயத்திலிருந்தே தொடங்குவோம்.

600 மில்லிமீற்றர் லென்ஸ், துவாரம் எஃப் 6.3, முழுச்சட்டக் கெமரா. பறவை 20 மீற்றர் தூரத்தில் நின்றால் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் படம் துலக்கமாக வரும். 10 மீற்றருக்குப் போனால் அந்த ஆழம் 10 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். 5 மீற்றரில் இரண்டரைச் சென்ரிமீற்றர்தான் மிச்சம். தூரம் பாதியானால் துலக்க ஆழம் காற்பங்காகிறது. உப்புக்கொத்தி அலகு முதல் வால் வரை ஒரு சாணுக்கும் குறைந்த பறவை. 20 மீற்றரில் அது முழுவதுமாகத் துலங்கும். 5 மீற்றரில் கண் துலங்கினால் தோள் மங்கும், தோள் துலங்கினால் கண் போய்விடும். கிட்டப் போனால் பறவை சட்டத்துக்குள் பெரிதாக விழும், நடுவிலுள்ள காற்றும் குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தானாக உங்களை நோக்கி நடந்துவரும் பறவைக்குத்தான் அந்த இலாபம். நீங்கள் நெருங்குவதால் பதறி நகரும் பறவை ஒவ்வொரு நொடியும் அந்த இரண்டரைச் சென்ரிமீற்றரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியானால் தூரத்துப் படம் ஏன் மங்கியது? பெரும்பாலும் கானல்தான் காரணம். வெயில் ஏறியதும் மணல் சுடுகிறது; மணலை ஒட்டிய காற்றுச் சூடாகி மேலே கிளம்புகிறது; சூடும் குளிரும் கலந்த படைகளைக் கடந்துவரும் வெளிச்சம் ஒவ்வொரு கணமும் வெவ்வேறு பக்கம் வளைகிறது. நீள லென்ஸ் பறவையைப் பெருப்பிக்கும்போது இந்த ஆட்டத்தையும் சேர்த்தே பெருப்பிக்கிறது. தானியங்கி ஃபோகஸ் பறவையின் விளிம்பைத் தேடித்தான் வேலை செய்கிறது. விளிம்பே நடனமாடும்போது அது எதைப் பிடிக்கும்? எட்டு இலட்சம் ரூபா லென்ஸும் எண்பதாயிரம் ரூபா லென்ஸும் இங்கே ஒன்றுதான். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கெமராத் திரையை உருப்பெருக்கி, ஒலுவில் துறைமுக அலைதடுப்புக் கற்களைப் பாருங்கள். கல்லின் விளிம்பு கொதிக்கிறதென்றால் கெமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகலாம். காலை ஒன்பது மணிக்குப் பிறகு நம் கரையில் பெரும்பாலான நாட்களில் கதை இதுதான். உங்களில் பலர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருகிறீர்கள். குளிரூட்டிய காரிலிருந்து லென்ஸை நேரே கடற்காற்றுக்குள் நீட்டுபவர்களுக்கு முன்கண்ணாடியில் பனி பிடிப்பதும் இருக்கிறது. அதையும் ஃபோகஸ் கோளாறு என்றுதான் வந்து சொல்கிறார்கள்.

நேரத்தை மாற்றினால் மட்டும் போதாது, நிற்கும் பக்கத்தையும் மாற்றவேண்டும். கிழக்குக் கடற்கரைக்காரர்கள் நாம். சூரியன் கடலில் எழும்புகிறது. காலையில் ஊர்ப் பக்கம் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். ஈர மணலின் மினுக்கத்தில் ஃபோகஸ் தடுமாறுவதும் அதனால்தான். சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, முகத்துவாரத்து மணல்திட்டின் கடற்பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு உள்ளே, நீர்த்தேக்கத்தின் பக்கமாகப் பாருங்கள். எழும்பும் வெயில் உங்கள் முதுகில் விழும். பெப்ரவரியில் வாடைக்காற்றும் அதே பக்கமிருந்து உங்கள் முதுகில் அடிக்கும். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அப்படியென்றால் அந்த மணல்திட்டில் இறங்கவரும் ஒவ்வொரு பறவையும் வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு, கால்களைத் தொங்கவிட்டு, உங்களைப் பார்த்தபடி வரும். நீங்கள் இப்போது செய்வது இதற்கு நேர்மாறு. ஊர்ப் பக்கமிருந்து ஓடிக் கிளப்புகிறீர்கள். அவை காற்றை எதிர்த்துக் கடற்பக்கமாக எழும்புகின்றன. உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் வால்கள். முகநூலில் நீங்கள் போடும் பறத்தல் படங்களை ஆறுதலாக இருந்து பாருங்கள். பத்தில் எத்தனை படத்தில் கண் தெரிகிறது?

அந்தியில் கணக்கு மாறுகிறது. அஸருக்குப் பிறகு வெயில் தென்னந்தோப்புகளுக்கு மேலாகச் சாய்ந்து கடற்பக்கம் விழும். அப்போது ஊர்ப் பக்கம் இருந்து அலைவிளிம்பை எடுக்கலாம். மஃரிபுக்கு முந்திய கடைசி ஒரு மணித்தியாலத்தில் மணலும் ஆறியிருக்கும், கானலும் அடங்கியிருக்கும்.

கெமராவுக்குள்ளும் செய்யவேண்டியது கொஞ்சம் உண்டு. நீள லென்ஸ்கள் பலவற்றின் பக்கத்தில் ஃபோகஸ் தூரத்தை வரையறுக்கும் சிறிய விசை ஒன்று இருக்கிறது. வாங்கிய நாள்முதல் அதைத் தொடாதவர்கள் உங்களில் அநேகர். கிட்டத் தூரத்தை அது பூட்டிவிட்டால் லென்ஸ் அந்த முனைவரை ஓடித் திரும்பும் அலைச்சல் நின்றுபோகும். ஃபோகஸ் கட்டத்தைச் சட்டம் முழுக்கப் பரப்பி வைக்காதீர்கள். ஒற்றைச் சிறு கட்டமாக்கி, முதலில் பறவையின் காலடி மணலில் வைத்துப் பிடித்து, அங்கிருந்து தலைக்கு ஏற்றுங்கள். எட்டத்தைக் கூட்ட 1.4 மடங்கு மாற்றி (டெலிகன்வேர்ட்டர்) போட்டால் ஒரு படி வெளிச்சம் போகும், இரு மடங்கு மாற்றி போட்டால் இரண்டு படி, ஏற்கெனவே 6.3இல் திணறும் லென்ஸுக்கு அது நல்லதல்ல. பறவையின் கண்ணைத் தானாகத் தேடும் கெமராக்கள் 2020, 2021 ஆண்டுகளில் பரவலாக வரத் தொடங்கின. கெனன் ஆர் 5, சோனி அல்ஃபா 1 என்று நீங்கள் பெருமூச்சு விடும் பெயர்கள்தான். அவற்றாலும் கானலுக்குள் கண்ணைக் காணமுடியாது. பழைய கெமராவை வைத்துக்கொண்டு ஒன்றும் முடியாது என்று சொல்பவர்கள் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். வெவ்வேறு கெமராக்களின் பாகங்களைத் தானே பொருத்திச் செய்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கறுப்பு வெள்ளைச் சுருளில், தானியங்கி ஃபோகஸ் இல்லாமலே இந்தியக் காடுகளை எடுத்தார்.

கிருஷ்ணனிடம் இருந்தது விலங்கைப் பற்றிய அறிவு. உங்களுக்கும் வேண்டியது அதுதான். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும், மறுபடி ஓடும். நிற்கும் அந்த ஒரு கணம்தான் உங்களுடையது. ஓடும்போது விசையை அழுத்துவது வீண். கொசு உள்ளான் நிற்பதே இல்லை. தையல் இயந்திர ஊசியாகக் குத்திக்கொண்டே நகரும். அதற்கு முன்னால் ஓரிடத்தில் ஃபோகஸ் வைத்துக்கொண்டு அது வந்து சேரக் காத்திருக்கவேண்டும். அலை பின்வாங்கும்போது இறங்கி, அலை வரும்போது ஓடியேறும் பறவைக்கு அலைவிளிம்பே ஃபோகஸ் கோடு. பவளக்காலியை மட்டும் பகைத்துக்கொள்ளாதீர்கள். ஆளைக் கண்டு முதலில் கத்துவது அது; அது கத்தினால் மற்றவை எல்லாம் எழும்பிவிடும். பறவை தலையை நிமிர்த்தி இரை தேடுவதை நிறுத்திவிட்டால், அல்லது தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால், நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் இரண்டடி பின்வாங்குங்கள். கரைவலை இழுப்பவர்கள் அதே மணலில் நாள் முழுக்க நடக்கிறார்கள். அவர்களுக்குப் பறவை அவ்வளவாக எழும்புவதில்லை. அவர்கள் பறவையைப் பார்த்து நடப்பதில்லை, நேரே போவதுமில்லை. நீங்கள் குறிபார்த்துக்கொண்டு நேர்கோட்டில் போகிறீர்கள். இரைதேடும் மிருகம் வரும் விதமும் அதுதான்.

இனிப் பறவையின் நியாயம்.

கொசு உள்ளான் இருபது முப்பது கிராம் எடையுள்ள உயிர். ஆர்க்டிக் கரையில் பிறந்து, வானொலியும் வரைபடமும் இல்லாமல் நம் சேற்றுக்கு வந்து சேர்கிறது. மணல் உப்புக்கொத்திகளில் ஒன்று திபெத்திய மேட்டுநிலத்திலும் இமயத்திலும் முட்டையிட்டுவிட்டு ஒலுவில் மணலில் குளிர்காலம் கழிக்கிறது. இந்த இனங்களால் எவ்வளவு தூரம் முடியும் என்பதற்கு ஒரு செய்தி: 2022இல் இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் எழும்பி, எங்கும் இறங்காமல் பதினொரு நாட்கள் பறந்து, 13,560 கிலோமீற்றர் தாண்டித் தஸ்மேனியாவில் இறங்கியது. முதுகிலிருந்த செய்மதிக் கருவி சொன்ன கணக்கு அது. இப்படிப் பறப்பதற்கான எரிபொருள் கொழுப்புத்தான். அந்தக் கொழுப்பை மார்ச், ஏப்ரலில், புறப்படுவதற்கு முந்திய வாரங்களில்தான் சேர்க்கின்றன. நெடுந்தூரம் போகும் சில இனங்கள் தம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன.

நம் கரையின் நிலைமையையும் அதனுடன் சேர்த்துப் பாருங்கள். இலங்கைக் கடலில் ஏற்ற வற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பெரிய வற்று வந்து பரந்த சேற்றைத் திறந்துவிடும் கரை அல்ல இது. மாரியில் வயல் வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டுவார்கள். தண்ணீர் இறங்கி, பெப்ரவரி தொடங்கிச் சேறு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். பறவைக்கு உணவுள்ள இடம் அந்தச் சில திட்டுகள்தான். உணவுள்ள நாட்கள் அந்தச் சில வாரங்கள்தான். நீங்கள் கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு திரிவதும் அதே திட்டில், அதே வாரங்களில். ஒரு தடவை கிளப்பினால் ஒன்றும் ஆகாது என்பீர்கள். நீங்கள் ஒரு தடவை. உங்களுக்குப் பிறகு வருபவர் ஒரு தடவை. சனிக்கிழமை கல்முனையிலிருந்து வரும் குழு நாலு தடவை. பிறகு நாய். பிறகு பந்தடிக்கும் பிள்ளைகள். இவர்களில் பறவையை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர் நீங்கள் ஒருவர்தான்.

வலசை வந்தவை போய், கச்சான் வீசத் தொடங்கியபிறகு நடப்பது இதைவிட மோசம். அப்போது மணலில் முட்டையிடுபவை இங்கேயே தங்கிவாழும் பறவைகள். சின்ன ஆலா இடும். அனுமன் உப்புக்கொத்தி இடும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, உடலளவும் மரபணுவும் ஒப்பிட்டு, கென்டிஷ் உப்புக்கொத்தியிலிருந்து பிரித்து 2023இல் தனி இனமாக நிறுவியது இந்தச் சிறு பறவையைத்தான். ஆதம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் சொல்லப்படும் மணல்திட்டுகளை ஒட்டி வாழ்வதால் அந்தப் பெயர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இனம். அதற்குக் கூடு கிடையாது. மணலில் ஒரு குழி, அதில் மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டை. வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்கத் தாய் நிழல் கொடுக்கவேண்டும். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து ஈரம் கொடுப்பதும் உண்டு. நீங்கள் கண்ணைத் துலக்கிப் பிடிக்கக் கால்மணித்தியாலம் பக்கத்தில் குந்தியிருந்தால், அந்தக் கால்மணித்தியாலமும் முட்டை வெறும் வெயிலில் கிடக்கிறது. நீங்கள் எழும்பிப் போனதும் உங்கள் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காகம் இறங்குகிறது.

போன வருடம் ஒரு படம் உங்கள் குழுக்களில் சுற்றியது. சிறகு முறிந்து மணலில் புரளும் உப்புக்கொத்தி. கீழே அழுமுகக் குறிகள், யா அல்லாஹ் பாவம் என்று எழுத்துகள். அந்தப் பறவைக்குச் சிறகு முறியவில்லை. முட்டையை விட்டு உங்களை வேறு பக்கம் இழுத்துப்போக அது நடித்துக்கொண்டிருந்தது. படம் மிகத் துலக்கமாக இருந்தது. கண்ணில் வெளிச்சப்பொட்டுக்கூட விழுந்திருந்தது. எடுத்தவருக்கு விளங்கவில்லை, பாராட்டிய நூற்றுக்கணக்கானவர்களுக்கும் விளங்கவில்லை. அவர் எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பயணம் ஒன்றில் தோழர்கள் சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. உங்களில் பலர் மதரசாவில் ஓதியிருப்பீர்கள். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய எல்லாக் காட்டுப்பறவைகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பமில்லை. வனசீவராசிகள் உத்தியோகத்தர் நம் கடற்கரையில் காவல் நிற்கப்போவதுமில்லை.

நீங்கள் சொல்லப்போகும் எதிர்வாதமும் எனக்குத் தெரியும். துறைமுகத்தைக் கட்டிக் கரையையே கடலுக்குக் கொடுத்தார்கள், நாங்கள் நாலு படம் எடுப்பதா பெரிய விடயம்? நியாயமான கோபம். முன்னாள் துறைமுக அமைச்சர் மர்ஹூம் அஷ்ரஃப் கனவுகண்ட ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அலைதடுப்புக்கு வடக்கே தென்னைகளும் வாடிகளும் கடலுக்குள் போயின. துறைமுக வாய் மணலால் மூடி வள்ளங்கள் வெளியே போகமுடியாமல் நின்றன. மணலை அள்ளச் சொல்லி ஒரு பக்கமும் கரையைக் காப்பாற்றச் சொல்லி இன்னொரு பக்கமும் ஒரே ஊர்க்காரர்கள் எதிரெதிரே நின்றோம். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கடல் அரித்தது நம் கரையை மட்டுமல்ல, அவற்றின் கரையையும்தான். மிச்சமிருக்கும் மணலில்தான் நாமும் அவையும் நெருக்கிக்கொண்டு நிற்கிறோம். கரை குறைந்தது கிளப்புவதற்கான அனுமதி ஆகாது. கிளப்பினால் போய் இறங்க இன்னொரு இடம் இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.

நம் பகுதியிலிருந்து ஒரு படம் உலகம் முழுக்கப் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். 2020இல் யாழ்ப்பாணத்து ஒளிப்படக் கலைஞர் ஒருவர் அஷ்ரப் நகர்க் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்னும் யானைகளை எடுத்தார். வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் எல்லாம் போட்டன. யானையின் இமைமயிர் எண்ணக்கூடிய துலக்கத்துக்காக யாரும் அதைப் போடவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பதை அது காட்டியது. அந்த யானைகளை யாரும் துரத்தவேண்டியிருக்கவில்லை.

உங்கள் நீள லென்ஸுக்கும் அப்படி ஒரு வேலை இருக்கிறது. உள்ளான்களின் காலைப் பாருங்கள். சிலவற்றில் வளையமோ நிறக்கொடியோ இருக்கும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிடுகிறது. நம் நாட்டில் பூந்தலையிலும் இட்டிருக்கிறார்கள். எந்த நாட்டில் இட்டது என்பதை நிறச் சேர்க்கை சொல்லும். எழுத்தோ எண்ணோ தெரிந்தால் எந்தப் பறவை என்றே சொல்லிவிடலாம். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்தை நாற்பது மீற்றரிலிருந்து படிக்கக்கூடிய கருவி இந்தக் கரையில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, கொடியின் நிறம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஜனவரியும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987இல் தொடங்கியது. கூட்டத்தை ஒரு சட்டத்துக்குள் அகலமாக எடுத்து வீட்டிலிருந்து எண்ணிக் கொடுப்பதும் உதவிதான். எண்ணாமல் விட்டால் என்ன ஆகும்? மெல்லலகுக் கோட்டான் என்று ஒரு பறவை இருந்தது. சர்ச்சைக்கு இடமில்லாமல் அதைக் கடைசியாகக் கண்டது 1995இல், மொரோக்கோவில். 2025இல் அது அற்றுப்போய்விட்டதாக அறிவித்தார்கள். நம் கரைக்கு வரும் கோட்டான் உள்ளான் 2024இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. அது இன்னும் உங்கள் சட்டத்துக்குள் விழுகிறது, அதைத்தான் கிளப்புகிறீர்கள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது. பறக்கும் படத்துக்காக எந்தக் கூட்டத்தையும் எழுப்பாதீர்கள். தானாக எழும்பினால் எடுங்கள், இறங்க வரும்போது எடுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை முகத்துவாரத்து மேட்டு மணலுக்குள் கால் வைக்காதீர்கள். வழியில் முட்டையைக் கண்டால் நிற்காமல் கடந்துபோங்கள். படம் வேண்டாம், இடத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். உங்கள் குழுக்களில் ஒருவர் கூட்டமாய்ப் பறக்கும் படம் போட்டால், விருப்பக் குறிக்கு முன்னால் எப்படி எடுத்தாய் என்று ஒரு வரி கேளுங்கள்; கிளப்பி எடுத்தேன் என்றால் குறி போடாதீர்கள். குழுவை நடத்துபவர்கள் கூடும் முட்டையும் தெரியும் படங்களை ஏற்பதில்லை என்று விதி வைத்துவிடுங்கள். பல இயற்கை ஒளிப்படப் போட்டிகளிலும் அந்த விதி உண்டு, உங்களுக்கு ஒன்றும் குறைந்துபோகாது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் உங்கள் ஒளிப்படச் சங்கத்தில் இதை எடுத்துப் பேசுங்கள், முதலாம் வருடத்துக்கு வரும் புதியவர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லிக் கொடுங்கள். கொடி கட்டிய காலைக் கண்டால் திகதி, நேரம், இடத்தோடு படத்தைப் பதிந்து வையுங்கள்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தார் வீதியோடு நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். லென்ஸ் பாரம்தான், மணலில் கால் புதையும்தான். அப்படியும் நடந்து வாருங்கள்.